பத்து லட்சத்து ஒன்றும் ஒரு மீசையும்

கல்யாணப் பத்திரிகையை நீட்டினால், மண்டபம் எங்கே என்று கேட்காமல் தேதியை ஏழால் வகுத்துப் பார்க்கும் மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கம்பெனி பஸ்ஸில் வந்தார். எதைக் கண்டாலும் வகுத்து மீதி சொல்வதால், அவர் பெயரே ‘மீதி’ அண்ணாத்த ஆகிவிட்டது.

தொண்ணூறுகளில் செங்கல்பட்டிலிருந்து மறைமலைநகர் தொழிற்சாலைக்கு அந்த பஸ்ஸில்தான் போவோம். அண்ணாத்தயின் மெஷினில், அடித்த சாமான்களை எண்ணும் மீட்டர் ஒன்று உண்டு. அது பத்து லட்சத்தைத் தொட்டதும் நாங்கள் கைதட்டினோம். அவரோ அடுத்து வந்த எண்ணைப் பார்த்துச் சொக்கிப்போனார். 1000001.

“இன்னா அழகு பாருபா! மூணால வகு, மீதி ரெண்டு. ஏழு? ரெண்டு. பதினொண்ணு? ரெண்டு. பதிமூணு? அதுக்கும் ரெண்டு! இத்த எவனாலயும் ஒடைக்க முடியாது.”

அதாவது பிள்ளைகளே, ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் மீதியில்லாமல் வகுபடாத பகா எண் என்றார்.

டிரைவர் சும்மா இருப்பாரா? தன் மீசையை முறுக்கிக்கொண்டே கேட்டார்: “ஒடைஞ்சா?”

“மீசைய எடுத்துடறேன்!”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பத்தாவது கணக்கில் மூன்று முறை ஃபெயிலானவருக்கு ஊரில் மரியாதை வாங்கித் தந்ததே அந்த மீசைதான்.

ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கினால் பத்து லட்சம். இரண்டு எண்ணாக உடைந்தால் ஒன்றாவது அதற்குள்தான் வரும்; ஆகவே ஆயிரத்துக்குள் இருக்கும் பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும் என்றார். சரியான யோசனைதான். மொத்தம் நூற்று அறுபத்தெட்டு எண்கள். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. நோட்டை மடியில் வைத்து வகுப்பார். வேகத்தடையில் பேனா துள்ளினால், “ஏய் டிரைவரு, என் மீசை மேல ஏத்தாதே!” என்று கத்துவார்.

கடைசியில் 997ஐயும் வகுத்துவிட்டு, “ஒடையல!” என்று எழுந்து நின்றார். பஸ் முழுக்க லட்டு. டிரைவருக்கு மட்டும் இரண்டு.

திங்கட்கிழமை யாரோ ஒரு புது ஆள் ஏறினார். “கம்பெனி கார்டு காட்டுபா” என்றார் டிரைவர். உற்றுப் பார்த்தால், மீசையில்லாத அண்ணாத்த!

“இன்னா அண்ணாத்த இது?” என்றேன்.

“சிங்கபெருமாள் கோயிலாண்ட பஸ்ஸு நின்னு, எறங்கித் தள்ளுனோமே, அன்னிக்கு நூத்தியொண்ணு வுட்டுப்போச்சு. நேத்து வூட்ல நோட்டப் பொரட்டுறேன், அந்தப் பக்கம் காலியா கீது. ஒடனே போட்டேன். 9901 தடவ போவுது. மீதி பூஜ்யம்.”

“எங்க யாருக்குமே தெரியாதே! கம்முனு இருந்திருக்கலாமே?”

“லட்டு துன்னீங்களே, அத்தினி பேரையும் ஏமாத்தச் சொல்றியா?”

எங்கள் பஸ்ஸில் யாரும் சிரிக்கவில்லை. ஆனால் மற்ற பஸ்காரர்கள் கேண்டீனில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணாத்த ஒரு கையால் உதட்டை மறைத்துக்கொண்டு, மறு கையால் சாம்பார் சாதம் சாப்பிட்டார். நான் என் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் நேராக சலூனுக்குப் போனேன். வீட்டில் என் மகள் என்னைப் பார்த்து அலறிக்கொண்டு அம்மாவிடம் ஓடினாள்.

மறுநாள் காலை கொஞ்சம் கூச்சத்தோடுதான் பஸ்ஸில் ஏறினேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, மழமழவென்ற முகத்தோடு டிரைவர் உட்கார்ந்திருந்தார்.