வேலியோரம் ஒரு ஜூனிபர்

ஓரெஸ்ட் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். இந்த வருடமும் பழத்துக்கு முள் முளைத்திருந்தது.

இந்நேரம் கருநீலமாகக் கனிந்து, தொட்டாலே கையோடு வந்துவிட வேண்டிய சாஸ்கட்டூன் பழம் அது. காயாகவே நின்றுபோய், உடம்பெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்னக் கொம்பு விட்டு, தொட்ட விரலில் துருப்பொடியை அப்பியது. எட்டுச் செடியிலும் இதே கதை. ஓரெஸ்டுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

பின்வாசல் படியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஆர்லீன் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

“வந்துருச்சா?”

“வந்துருச்சு.”

“எல்லாத்துலயுமா?”

“ஒண்ணு பாக்கியில்ல.”

“பாவம்,” என்றாள் ஆர்லீன். “விடுப்பா. ருபார்ப் தண்டு மண்டிக் கிடக்கு. அதை வேகவெச்சு சர்க்கரை போட்டுத் தரேன்.”

ஓரெஸ்ட் ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றுமில்லை. உள்ளே சாஸ்கட்டூன் பழம் வைத்து வேகவைத்து, மேலே கெட்டிப் பாலாடை ஊற்றிய கொழுக்கட்டை ஒரு தட்டு. அவர் பெண் கேட்டுப் போன அன்று ஆர்லீனின் அம்மா அதைத்தான் பரிமாறினாள். “எல்லாம் எங்க ஆர்லீன் கையால பிடிச்சதுதான்” என்று வேறு சொன்னாள். ஓரெஸ்ட் மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டு, “எனக்கு இது வருஷா வருஷம் வேணும்” என்றார். அவர் வாழ்க்கையில் பேசிய ஒரே காதல் வசனம் அதுதான்.

ஆர்லீனும் வருடா வருடம் செய்தாள். இடுப்பில் வாளியைக் கட்டிக்கொண்டு, ஆற்றுமேட்டுப் புதர்களில் கொசுக்கடிக்கு நடுவே பழம் பறித்து, குளிர்காலத்துக்கும் சேர்த்துக் கொழுக்கட்டை பிடித்து உறைபெட்டியில் அடுக்கினாள். முழங்கால் தேய்ந்து, இனி மேடு ஏறக்கூடாது என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் அது நின்றது.

தானியக் கிடங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வசந்தத்தில் ஓரெஸ்ட் எட்டுச் செடிகளை வாங்கிவந்து கொல்லையில் நட்டார். “இனிமே நீ மேடு ஏற வேணாம், ஆர்லீன். மேட்டையே வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன்,” என்றார். ஆர்லீன் செடிகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தோஷத்தில் பேச்சடைத்துப் போய்விட்டது என்று ஓரெஸ்ட் நினைத்துக்கொண்டார்.

செடி காய்க்கத் தொடங்கிய வருடமே துருநோயும் தொடங்கியது. அதன்பின் ஒரு பழம் வாய்க்கு வரவில்லை.

அன்று மத்தியானம் அவர் வேளாண்மை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். எடுத்த பெண் பொறுமையாக எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“உங்க பக்கத்துல எங்கயாவது ஜூனிபர் செடி இருக்கா? கிளையில முடிச்சு முடிச்சா வீங்கியிருக்கும். மழை பேஞ்சா அதுலேர்ந்து ஆரஞ்சு கலர்ல கொழகொழன்னு ஒண்ணு பிதுங்கும்.”

ஓரெஸ்ட் சன்னல் வழியாகப் பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டு இர்மாவின் ஜூனிபர் தரையோடு படர்ந்து கிடந்தது. ஒவ்வொரு மே மாத மழைக்கும் அது ஆரஞ்சாகப் பிதுங்கும். இர்மா அதைப் பூ என்று நம்பி, தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டுவாள்.

“இருக்கு,” என்றார்.

“வியாதி அங்கேர்ந்துதான் வருது. அதை எடுத்துடச் சொல்லுங்க.”

சொல்வது எளிது. கார்ஸ்டல் ஊரில் ஒருவர் காலை மற்றவர் மிதித்துவிட்டால், மிதிபட்டவர்தான் மன்னிப்புக் கேட்பார். அப்படிப்பட்ட ஊரில், கணவனை இழந்து தனியாக இருக்கும் ஒரு பெண்மணியிடம் போய் உங்கள் செடியை வெட்டுங்கள் என்று எப்படிச் சொல்வது? ஓரெஸ்ட் போனார். காப்பி குடித்தார். மழையைப் பற்றிப் பேசினார். இர்மாவின் இடுப்புவலியைப் பற்றிக் கேட்டார். கிளம்பி, கதவில் கை வைத்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

“இர்மா, உங்க ஜூனிபர் இருக்கே...”

“அழகா இருக்கில்ல?” இர்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. “பரிசா வந்தது அது. எங்க வீட்டுக்காரர் தவறிப்போன வருஷம் வந்துச்சு. அதைப் பார்த்துக்கிட்டுத்தான் நான் நாளை ஓட்டுறேன்.”

“ரொம்ப அழகு,” என்றார் ஓரெஸ்ட்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பலன் அடுத்த வாரமே வந்தது. இர்மா ஒரு பழைய ஐஸ்கிரீம் வாளியுடன் வாசலில் நின்றாள். வாளிக்குள் குட்டி ஜூனிபர். தாய்ச்செடியின் பக்கக் கிளை வேர்விட்டிருந்ததாம். இவ்வளவு ஆசைப்படுகிறாரே என்று அவருக்காகவே பிரித்துக் கொண்டுவந்தாளாம். ஓரெஸ்ட் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார். வேறென்ன சொல்வார்?

“இதை என்ன பண்றது?” என்று ஆர்லீனிடம் கேட்டபோது அவர் குரல் அழுவது போலிருந்தது.

“நட்டுத்தான் ஆகணும். வேற வழி?” என்றாள் ஆர்லீன். “அவ சமையலறை சன்னல்லேர்ந்து தெரியணும்ல. உன் பழச்செடிங்க நடுவுல நடு. அங்கதான் நல்லாத் தெரியும்.”

நட்டார். மறு வசந்தத்தில் மழை பெய்தது. வேலிக்கு இரண்டு பக்கமும் ஆரஞ்சு பிதுங்கியது.

அதன்பிறகு ஓரெஸ்ட் செய்த காரியம் அவருக்கே பிடிக்கவில்லை. உருளைக்கிழங்கு வேகவைத்த கொதிநீரைச் சாயங்கால வேளையில் எடுத்துப்போய்க் குட்டிச் செடியின் வேரில் ஊற்றினார். செடி மஞ்சளாகி வாடியது. சன்னலில் பார்த்த இர்மா பதறிப்போய் ஓடிவந்தாள். உரம் போட்டாள், மண் கொத்தினாள், காலையும் மாலையும் வந்து தண்ணீர் ஊற்றினாள். வரும்போதெல்லாம் ஓரெஸ்டும் கூடவே நின்று கவலைப்பட வேண்டியிருந்தது. ஒரு மாதத்தில் செடி முன்னைவிடக் கொழுத்துவிட்டது. ஓரெஸ்ட்தான் இளைத்திருந்தார்.

கடைசியில் அவர் பொய் சொல்லத் துணிந்தார்.

“இர்மா, தப்பா நினைக்காதீங்க. எனக்கு இந்த ஜூனிபர் ஒத்துக்கலை. பக்கத்துல போனாலே தும்மல்.”

இர்மாவின் கண் கலங்கிவிட்டது. “அப்போ இத்தனை வருஷமா என் செடியால தும்மிக்கிட்டேதான் இருந்தீங்களா? ஒரு வார்த்தை சொல்லலியே.”

“உங்க மனசு நோகுமேன்னு...”

இர்மா அன்றைக்கே கோர்டியைக் கூப்பிட்டாள். கார்ஸ்டலில் கால்வாயோ கல்லறைக் குழியோ, எதைத் தோண்டுவதென்றாலும் கோர்டியும் அவன் தோண்டு இயந்திரமும்தான். பொழுது சாய்வதற்குள் இரண்டு ஜூனிபரும் வேரோடு வண்டியில் ஏறிப் போயின. அன்று ஓரெஸ்ட் சீட்டியடித்துக்கொண்டே படுக்கப் போனார்.

“செடி போயிருச்சு ஆர்லீன். அடுத்த ஜூலையில கொழுக்கட்டைதான்.”

“ம்,” என்று ஆர்லீன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் சீட்டாடலாம் என்று, பனித்தளத்தில் கல் தள்ளி விளையாடும் கர்லிங் அரங்குக்குப் போன ஓரெஸ்ட் வாசலிலேயே நின்றுவிட்டார். கதவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டு ஜூனிபரும் துவாரபாலகர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தன. பரிசாக வந்ததைத் தூக்கியெறிய மனம் வராமல் இர்மா ஊருக்கே கொடுத்துவிட்டாளாம். அரங்கு இருப்பது ஓரெஸ்ட் வீட்டுக்கு நேர் மேற்கே. கார்ஸ்டலில் காற்று அடிப்பதும் மேற்கிலிருந்துதான். வேறு திசையில் அடித்ததாக யாருக்கும் ஞாபகமில்லை.

உள்ளே போனதும் எல்லாரும் சீட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் மூக்கையே பார்த்தார்கள். விஷயம் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. ஓரெஸ்ட் வேறு வழியில்லாமல் தும்மினார். உடனே ஒருவர் கைக்குட்டை நீட்டினார். இன்னொருவர் அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கதவிலிருந்து எட்டத்தில், பனித்தளத்துக் குளிர் நேரே முகத்தில் அடிக்கிற மூலையில் போட்டார். அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் அங்கேதான் உட்கார்ந்தார். வாரத்துக்கு ஒருமுறை போய், மரியாதைக்கு இரண்டு தும்மல் தும்மிவிட்டு, விறைத்த விரல்களால் சீட்டாடிவிட்டு வந்தார். சமயத்தில் தும்மல் நிஜமாகவே வந்தது.

மறு ஜூலையில் பழத்துக்கு மறுபடி கொம்பு முளைத்தது. இந்தத் தடவை இலையும் சேர்ந்து துருவேறியிருந்தது.

“விட்டுருப்பா,” என்றாள் ஆர்லீன். அன்று அவள் குரலில் உண்மையிலேயே இரக்கம் இருந்தது. “வயசான காலத்துல எதுக்கு இப்படி அலையிற? ருபார்ப்...”

“ருபார்ப் வேணாம்,” என்று சொல்லிவிட்டு ஓரெஸ்ட் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கோர்டி அரங்கின் பின்புறம் வடிகால் தோண்டிக்கொண்டிருந்தான். ஓரெஸ்ட் அவன் வண்டியின் பின்பலகையில் போய் உட்கார்ந்தார். இனி மறைப்பதற்கு அவரிடம் சக்தி இல்லை. துரு, கொதிநீர், பொய்த் தும்மல் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். கோர்டி மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு கேட்டான்.

“ராவோட ராவா அந்த ரெண்டையும் எடுத்துடு, கோர்டி. ஊருக்கு வெளிய எங்கயாவது கொண்டுபோய்ப் போட்டுடு. யாருக்கும் தெரிய வேணாம்.”

“அந்தப் பெரிசை மறுபடியுமா?” கோர்டி முகத்தைத் துடைத்துக்கொண்டான். “அதை நான் தோண்டுறது இது மூணாவது தடவைய்யா.”

“ரெண்டாவது. இர்மா வீட்டுல ஒரு தடவைதானே தோண்டுன?”

“அதுக்கு முன்னாடி ஆத்துமேட்டுல ஒரு தடவை. இர்மாவுக்குப் பரிசா குடுக்கணும்னு என்னைத்தான் வண்டியோட கூட்டிட்டுப் போனாங்க. நீ பழச்செடி வெச்ச வருஷம்.”

ஓரெஸ்ட் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. அவர் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது.

“எனக்காகக் கேக்கலை, கோர்டி,” என்றார். “எனக்குக் கொழுக்கட்டை இல்லாட்டியும் போகுது. ஆர்லீனை நினைச்சாத்தான் மனசு கேக்கலை. அவ அம்மா கைப்பக்குவம் அது. அந்தப் பழம் பறிச்சு, கொழுக்கட்டை பிடிச்சு வைக்கிறதுன்னா அவளுக்கு உசுரு. ஒவ்வொரு வருஷமும் நான் வெறுங்கையோட வந்து நிக்கிறதைப் பார்த்து, பாவம், வாயைத் திறந்து ஒரு வார்த்தை குறை சொன்னதில்ல.”

கோர்டி மண்வெட்டியைத் தரையில் ஊன்றிவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“நான் நல்ல செடியாத்தான்யா காட்டுனேன். ஆர்லீன்தான், ‘வேணாம் கோர்டி, அதோ முடிச்சு முடிச்சா வீங்கியிருக்கே, அதை எடு, இர்மா வீட்டுல எங்க வேலியோரமாப் பார்த்து நடு’ன்னு கூடவே நின்னு நட வெச்சா.”