ஊதச் சொன்னார்கள், ஓடினேன்

நடந்தது இவ்வளவுதான்:

1. மூக்கில் கிளிப் மாட்டினார்கள்.
2. அட்டைக் குழாயை உதடு இறுகக் கவ்வச் சொன்னார்கள்.
3. "மூணு, ரெண்டு, ஒண்ணு" என்று எண்ணினார்கள்.
4. நான் ஓடிவிட்டேன்.

நான்காவதற்கு மட்டும் விளக்கம் தேவை. அப்போது சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் தரச் சோதனை என் வேலை. திரியில் நெருப்பு வைத்ததும் கூட இருப்பவர் சத்தமாக எண்ணுவார். "ஒண்ணு" என்பதற்குள் நான் மணல் மூட்டைக்குப் பின்னால் இருக்க வேண்டும். மூன்று சீசனாக இதே ஓட்டம். (கெமிஸ்ட்ரி படித்தது ஓடுவதற்கா என்று அம்மா கேட்பாள்.) அதனால்தான் வெடிமருந்துக் கலவைப் பிரிவுக்கு மேற்பார்வையாளராக விண்ணப்பித்தேன். வேலை உறுதி, ஆனால் அங்கே தூசி அதிகம். நுரையீரல் சரியாக இருப்பதாகச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள்.

விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு முறைப்படி தயாராகத்தான் போனேன். தளர்வான உடை. வயிறு முட்டச் சாப்பிடவில்லை. (துணைக்கு வந்த அம்மா எண்ணெய் பரோட்டா சாப்பிட்டதை வேடிக்கை பார்த்தேன்.)

"எங்கம்மா போறீக?" என்று உள்ளேயிருந்து டெக்னீசியன் அக்கா கேட்டபோது, நான் கதவுக்கு வெளியே, மூக்கில் கிளிப்போடு, காதைப் பொத்தி நின்றிருந்தேன். பெஞ்சில் இருந்த பெரியவரும் எழுந்துவிட்டார்.

"உள்ள என்னத்தா ஆச்சு?"

"ஒண்ணுமில்லய்யா. ஊதுற டெஸ்ட்டு" என்றேன்.

"அதுக்கா இம்புட்டு ஓட்டம்?"

அம்மா சிரிக்கவில்லை. "அது வெடிக்காது. உள்ள வா."

இரண்டாம் முறை ஓடவில்லை. கால்களை அடக்குவதிலேயே மூச்சு போய்விட்டது.

"இது பத்தாதும்மா. நெஞ்சு நிறைய இழுத்து, ஒரே மூச்சா பலமா ஊதணும். இப்படியே ஊதுனா ரிப்போர்ட்டு தேறாது."

சான்றிதழ் கைநழுவுவது தெரிந்தது. அம்மா என் துப்பட்டா நுனியைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"எண்ணாம சொல்லுங்க தாயி. எண்ணுனா இவ நிக்க மாட்டா."

அக்கா எண்ணவில்லை. "ஊதுங்க... இன்னும், இன்னும், இன்னும்" என்றார். அம்மாவும் சேர்ந்துகொண்டாள். உள்ளே காற்றே மிச்சமில்லை என்று தோன்றிய பிறகும் ஊத வேண்டியிருந்தது. வலியில்லை, லேசான தலைசுற்றல் மட்டும். அப்படி மூன்று முறை.

இப்போது கலவைப் பிரிவில் இருக்கிறேன். அந்த அக்கா யார் வந்தாலும் "பட்டாசுக் கம்பெனியா?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளிப்பை எடுக்கிறாராம். வீட்டில் காலையில் என்னை எழுப்ப அம்மா "மூணு, ரெண்டு" வரைதான் எண்ணுகிறாள். அதுவே போதுமாக இருக்கிறது. நுரையீரல் நன்றாக இருக்கிறது. கால்களும்.