இருபத்திரண்டு திறமைச் சித்தியும் ஒரு லொக்கப்பும்

என் வாழ்க்கையில் நான் மொழிபெயர்ப்பாளனாக இருந்தது மொத்தம் நாற்பது நிமிடம். அதற்குள் ஒரு வெள்ளைக்கார நாட்டின் பள்ளிக்கூடங்களை எல்லாம் சிறைச்சாலைகளாக மாற்றி, அந்தச் சிறைச்சாலைகளை எங்கள் ஊர்ப் பெற்றோர் மனமாரப் பாராட்டும்படி செய்து, கடைசியில் நானே அவற்றில் ஒன்றுக்குள் போய் விழுந்தேன். அதன் பிறகு யாரும் என்னை மொழிபெயர்க்கக் கேட்கவில்லை. நானும் கவலைப்படவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் பாடசாலை கல்முனைக்குத் தெற்கே பிரதான வீதியோரம் இருந்தது. (பெயர் வேண்டாம். அங்கே படிப்பித்தவர்கள் சிலர் இன்னும் என்னோடு பேசுகிறார்கள். அதைக் கெடுத்துக்கொள்வானேன்?) இங்கிலீஷ் ஆசிரியர் சவூதிக்குப் போய் ஒன்றரை வருடமாகியும் பதிலுக்கு ஆள் வரவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் நான் முளைத்தேன். ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை கேட்டுக் கேட்டு, அதை அதே வேகத்தில், அதே மூக்கால், அர்த்தம் தெரியாமலே ஒப்பிப்பேன். மைதானத்தில் நான் வர்ணனை சொன்னால் பந்து பொறுக்கப் போனவன்கூட நின்று கேட்பான். "இவன் இங்கிலீஷில குளிக்கான்டா" என்பார்கள். நானும் அதை நம்பிவிட்டேன்.

ஆனால் அந்த நாட்களில் எனக்கு நிம்மதி என்பது கிடையாது. காரணம், என் ஓ.எல். பரீட்சைப் பெறுபேறு. மற்றப் பாடங்களில் எல்லாம் பாஸ், அதாவது சித்தி. கணக்கில் மட்டும் 'எஃப்'. அடுத்த முறை எழுதிக் கணக்கில் தேறுவேன் என்று பாடசாலை அதிபரிடம் கடிதம் கொடுத்து, அந்த நிபந்தனையின் பேரில் அதற்கு மேலான ஏ.எல். வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். இது அதிபருக்குத் தெரியும். வகுப்புக்குத் தெரியும். தெரியாத ஒரே ஆள் என் வாப்பா.

வாப்பா மூன்றாம் வகுப்போடு வட்டைக்குள் இறங்கியவர். வயலும் வாய்க்காலும்தான் அவருக்கு உலகம். பெறுபேற்றுத் தாளை விரலால் தடவி, "இந்த எழுத்து என்ன மனே?" என்று கேட்டார். விரல் சரியாகக் கணக்குக்கு நேரே நின்றது.

"எஃப் வாப்பா."

"எஃப் எண்டா?"

"பஸ்ட்."

(என் வாய் சொன்னது. மூளைக்கு இதில் பங்கில்லை.)

அன்றிலிருந்து பள்ளிவாசலிலும் சந்தையிலும் வாய்க்கால் கூட்டத்திலும் "என்ட மகன் கணக்கில பஸ்ட்" என்று வாப்பா சொல்லித் திரிந்தார். போதாக்குறைக்கு அவர் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலும் உறுப்பினர். கூட்டத்துக்கு வந்து அதிபரோடு பேசத் தொடங்கினால் நான் எங்கிருந்தாலும் ஓடிவந்து இடையில் புகுவேன். "சேர், தண்ணி கொண்டுவரவா?" "வாப்பா, உம்மா தேடுறா." ஒருமுறை வேறு எதுவும் தோன்றாமல், "சேர், மழை வரும்போல இரிக்கி" என்றேன். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

இரண்டாம் முறை எழுதிய கணக்கின் முடிவு எந்த நாளும் வரலாம் என்ற நிலை. பாடசாலை அலுவலகத்துக்கு ஒரு நாளைக்கு நாலு தரம் போவேன். கதிரையில் இருந்தால் கால் ஆடும். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடுவேன். இந்த முறை பாஸாகிவிட்டால் வாப்பாவுக்கு விஷயம் தெரியாமலே போய்விடும். அதுதான் என் திட்டம்.

அந்தக் கிழமையில்தான் அதிபர் என்னைக் கூப்பிட்டார்.

வட்டைப் பக்கம் வாய்க்கால் திருத்தும் வேலைக்கு ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் வந்திருந்தார். லீவுக்கு வந்த அவருடைய மகன் இங்குள்ள பள்ளிக்கூடம் ஒன்றைப் பார்க்க ஆசைப்பட்டானாம். எங்கள் மாணவர்களும் அவனும் இரு நாட்டுப் படிப்பையும் பற்றிக் கலந்துரையாட வேண்டும் என்பது அதிபரின் ஏற்பாடு. சங்க உறுப்பினர்களுக்கும் அழைப்புப் போயிருந்தது.

"நீதானே நல்லா இங்கிலீஷ் கதைக்கிறவன்?"

"ஓம் சேர்."

(அந்த ஓமைத் திருப்பி வாங்க இன்றைக்கும் தயாராக இருக்கிறேன்.)

ஜீப் வந்தது. என் வயதுப் பையன் ஒருவன் இறங்கினான். வெயிலில் வெந்து இறாலின் நிறத்தில் இருந்தான். பெயர் மார்க் என்றான். என் கூட்டாளி நசீர் காதுக்குள், "எத்தின மார்க்காம்?" என்றான். சிரிக்கும் நிலையில் நான் இல்லை. மண்டபத்தின் முன்வரிசையில் வாப்பா புதுச்சாரனும் தொப்பியுமாக அமர்ந்து, பக்கத்தில் இருந்தவரிடம் என்னைக் காட்டிக்கொண்டிருந்தார்.

முதல் கேள்வி நசீருடையது. "உங்கட நாட்டில பள்ளிக்கூடம் முடிக்க எத்தின பாடம் பாஸ் பண்ணணும் எண்டு கேளுடா."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "யுவர் கன்ட்ரி, ஸ்கூல் ஃபினிஷ், ஹவ் மெனி?" என்றேன்.

மார்க் கொஞ்சம் யோசித்து, இருபத்திரண்டு கிரெடிட் வேண்டும் என்றான்.

எங்கள் ஊரில் கிரெடிட் என்றால் ஒன்றுதான். ஓ.எல். பரீட்சையில் 'சி', அதாவது திறமைச் சித்தி. ஏ.எல். படிக்க எங்களுக்குத் தேவையான இரண்டு மூன்று திறமைச் சித்திக்கே தலைகீழாக நிற்போம். நான் சபையின் பக்கம் திரும்பி, "இருபத்திரண்டு பாடத்தில திறமைச் சித்தி வேணுமாம்" என்றேன்.

பின்வரிசையில் ஒருவன், "யா அல்லாஹ், அவ்வளவு பாடம் உலகத்தில இரிக்கா?" என்றான்.

சுகாதாரம் என்ற பாடத்துக்கு அரைக் கிரெடிட் என்று மார்க் தொடர்ந்தான். "சுகாதாரத்தில அரைச் சி" என்றேன். அதிபர் தலையை ஆட்டினார். அரைச் சி என்றால் என்ன என்று அவருக்கும் விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. ஆனால் இருவருமே அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

பெண்கள் பக்கத்தில் இருந்து பரீதா எழுந்தாள். "எங்களுக்கு மனையியல் இரிக்கி. அங்கயும் இரிக்கா?" இருக்கிறது, பையன்களும் சமைக்கப் படிப்பார்கள் என்றான் மார்க். இது எனக்குத் தெளிவாக விளங்கியது. சரியாகவே சொன்னேன். அந்த நாற்பது நிமிடத்தில் நான் பிழையில்லாமல் மொழிபெயர்த்தது இது ஒன்றுதான். இதை மட்டும் ஒருவரும் நம்பவில்லை. "புளுகாம கேட்டுச் சொல்லுடா!" என்று சத்தம் வந்தது.

புத்தகங்களை எல்லாம் நாள்தோறும் சுமந்து போவீர்களா என்று கேட்டார்கள். இல்லை, ஒவ்வொருவருக்கும் ஒரு லொக்கர் இருக்கிறது என்றான். லொக்கர் என்ற சாமானை எங்கள் பாடசாலையில் எவனும் கண்டதில்லை. நானும் கண்டதில்லை. ஆனால் கல்முனைப் பொலிஸில் லொக்கப் இருப்பது எனக்குத் தெரியும்.

"ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு லொக்கப் இரிக்காம்."

"மாஷா அல்லாஹ்" என்றார் முன்வரிசையில் ஒரு தகப்பன்.

இனிக் கணக்கு. அதை நான் கேட்கவே விரும்பவில்லை. நசீர் விடுவானா? மார்க் சிரித்துக்கொண்டு, இரண்டு வருடம் படித்துவிட்டுக் கணக்கை 'ட்ரொப்' பண்ணலாம், பெயிலானவர்களுக்கு 'சம்மர் ஸ்கூல்' இருக்கிறது என்றான். கிரிக்கெட்டில் ட்ரொப் என்றால் பிடியைத் தவறவிடுவது. சம்மர் என்றால் வெயில் காலம். இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்ததுதான் பிரச்சினை.

"கணக்கைத் தவறவிட்டவனுக்கு ரெண்டு வரிசமாம். வெயிலுக்க வெச்சிப் படிப்பிப்பாங்களாம்."

மாணவர்கள் பக்கம் எல்லாரும் தலையில் கை வைத்தார்கள். பெற்றோர் பக்கம் ஒரே மகிழ்ச்சி. வாப்பா எழுந்தே விட்டார்.

"அதான் அந்த நாடு முன்னுக்கு வந்திரிக்கி! மனே, என்ட மகன் கணக்கில பஸ்ட் எண்டு அந்தப் புள்ளைக்கும் சொல்லு."

அதிபர் மெல்ல என் பக்கம் திரும்பினார். அவருடைய கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கியது. என் வலது கால் தன்பாட்டில் ஆடத் தொடங்கியது. பொய் சொன்னால் அதிபர் பிடிப்பார். உண்மை சொன்னால் வாப்பா பிடிப்பார். அப்போது எனக்கு ஒரு மகா யோசனை தோன்றியது. உண்மையை இங்கிலீஷில் சொல்லிவிட்டால்? அதிபருக்கு ஓரளவு விளங்கும், வாப்பாவுக்கு விளங்காது. இரண்டு பேரும் திருப்தி. வர்ணனைக்காரனின் குரலில் மார்க்கிடம் சொன்னேன்:

"மேத்ஸ்... ஐ ரன் அவுட்."

மார்க்குக்கு முதலில் விளங்கவில்லை. நான் பெருவிரலைத் தரையை நோக்கிக் காட்டினேன். சட்டென்று அவன் முகம் மலர்ந்தது. எழுந்து வந்து, எனக்கு விளங்காத எதையோ கடகடவென்று சொல்லிக்கொண்டே என் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினான். மண்டபம் கைதட்டியது. வாப்பா எல்லாரையும் விடப் பலமாகத் தட்டினார்.

கைதட்டலுக்கு மேலே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, ஒரு மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். ஜீப் ஓட்டி வந்த சிவலிங்கம். காரைதீவுக்காரர். வருடக்கணக்காக இஞ்சினியர்மாருக்குச் சாரதியாக இருந்தவர். அவருக்கு இங்கிலீஷ் தெரிந்திருக்கும் என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை?

"என்ன தம்பி சிரிக்கிறீங்க?" என்றார் அதிபர்.

"மன்னிக்கணும் சேர். அது லொக்கப் இல்ல, லொக்கர். புத்தகம் வைக்கிற அலுமாரி. ஒரு பாடத்த ஒரு வரிசம் படிச்சா ஒரு கிரெடிட். அப்பிடிச் சேத்துச் சேத்து இருபத்திரண்டு. கணக்கு விருப்பமில்லாட்டி பிறகு விட்டிரலாம். வெயிலுக்க ஒருத்தரையும் வைக்கிறல்ல, லீவுக்கு வந்து திரும்பப் படிக்கிறது."

"அப்ப இப்ப ஏன் கை குடுத்தவர்?" இது வாப்பா.

சிவலிங்கம் ஒரு நொடி என்னைப் பார்த்தார். நான் கண்ணால் கெஞ்சினேன். ஆனால் அவர் நேர்மையான மொழிபெயர்ப்பாளர்.

"தானும் கணக்கில பெயில், இந்தத் தம்பியும் பெயில், ரெண்டு பேரும் ஒரே கட்சி எண்டு சந்தோசப்படுறார் காக்கா."

வாப்பா என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். அவர் சிவலிங்கத்தின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, பெயிலானதுக்கு அவர்ர வாப்பா என்ன செஞ்சாராம், கேளுங்க."

சிவலிங்கம் கேட்டார். மார்க் தலையைச் சொறிந்துகொண்டு பதில் சொன்னான்.

"லீவு முழுக்க ஒவ்வொரு நாளும் காரில கொண்டுபோய் விட்டு, வகுப்பு முடியுமட்டும் வெளியில காத்துக்கொண்டு இருந்தவராம்."

வாப்பா உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு அவர் முன்னால் நடக்க, நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் போனேன். பாதி வழியில் திரும்பாமலே கேட்டார்.

"எஃப் எண்டா என்ன மனே?"

"ஃபெயில், வாப்பா."

"நான் எத்தின பேருக்குச் சொன்ன தெரியுமா?"

அதுவரை என் பயம் எல்லாம் என்னைப் பற்றியதாகவே இருந்தது. இனி அவர் பள்ளிவாசலுக்கும் சந்தைக்கும் எந்த முகத்தோடு போவார் என்பது அப்போதுதான் உறைத்தது. சைக்கிள் மணியை வீணே அடித்துக்கொண்டு நடந்தேன்.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. மீண்டும் எஃப். இந்த முறை அதற்கு விளக்கம் கேட்க வீட்டில் ஆளில்லை.

மறு கிழமை வாப்பா என்னைக் கல்முனையில் ஒரு டியூஷன் கொட்டிலில் சேர்த்தார். சேர்த்துவிட்டுப் போகவில்லை. வெளியே, கிடுகு வேலிக்குப் பக்கத்து வாங்கில் உட்கார்ந்துகொண்டார். கிழமைக்கு மூன்று நாள், பஸ்ஸில் என்னோடு வந்து, வகுப்பு முடியும் வரை அந்த வாங்கில் இருந்தார். வேலிக்கு மேலால் அவருடைய தொப்பி தெரியும். நான் ஜன்னலைப் பார்த்தால் தொப்பி அசையும். பையன்கள் "காவல் போட்டிரிக்கி" என்று சிரிப்பார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் கால் ஆடுவது நின்றுவிட்டது.

ஒரு மாதம் கழித்து பஸ்ஸில் வரும்போது வாப்பா கவலையோடு கேட்டார்.

"மனே, அந்த எக்ஸ் எண்டவன் ஆரு?"

"என்ன வாப்பா?"

"கிழமைக்கு மூணு நாளும் அவனத்தான் தேடுறானுகள். மாஸ்டர் கண்டுபிடிச்சிக் குடுக்கார். அடுத்த நாள் பாத்தா திரும்பவும் காணாமப் போயிரிக்கான்."

பஸ் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வாப்பாவும் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மூன்றாம் முறை எனக்கு 'எஸ்' கிடைத்தது. சாதாரண சித்தி. வாப்பா என் வாயை நம்பவில்லை. தாளை எடுத்துக்கொண்டு அதிபரிடம் போனார். பிறகு தபாற்கந்தோருக்குப் போனார். கடைசியில் காரைதீவுக்குப் போய் சிவலிங்கத்திடம் காட்டி, அவர் "பாஸ்தான் காக்கா" என்ற பிறகுதான் உம்மாவிடம் வாயினிக்கச் சீனி கேட்டார்.

எக்ஸ் மட்டும் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. மூக்குக்கண்ணாடி காணாமல் போனால் எக்ஸ். கறிச்சட்டியில் மீன் துண்டு குறைந்தால் எக்ஸ். சொல்லாமல் வெளியே போன பேரப்பிள்ளையும் எக்ஸ். அண்மையில் என் மகளுக்கு மாப்பிள்ளை பேச்சு நடந்தது. எல்லாரும் மரியாதையாக அமர்ந்திருந்த வேளை, மாப்பிள்ளைக்குக் கட்டாரில் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை என்றார் தரகர். மூலைக் கதிரையில் தூங்கிக்கொண்டிருந்த வாப்பா திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப ஆள் அம்பிட்டிட்டானா?"