ஞானஸ்நான விருந்தன்று லிஃப்டை நிறுத்தியவன் எழுதுவது

அன்புத் தங்கையும், நம் கட்டடக் குடியிருப்போர் சங்கத் தலைவியுமான ரெமெடியோஸுக்கு, இரண்டாம் மாடியிலிருந்து உன் அண்ணன் அன்செல்மோ எழுதிக்கொள்வது. இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. ஒன்பதாம் மாடியில் உனக்கும், மகள் லூர்டெஸுக்கும், புதிதாக ஞானஸ்நானம் பெற்ற பேரனுக்கும் தேவமாதா எல்லா நலமும் தரட்டும். உன் முழங்காலுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தரட்டும்.

சங்கக் கூட்டத்துக்குள் நான் மன்னிப்புக் கடிதம் தர வேண்டும், தராவிட்டால் லிஃப்ட் பொறுப்பிலிருந்து நீக்கிவிடுவீர்கள் என்று காவலாளியிடம் சொல்லி அனுப்பியிருந்தாய். கூடப் பிறந்தவனிடம் நேரில் சொல்ல வேண்டியதைக் காவலாளியிடம் சொல்லி அனுப்புகிற காலம் வந்துவிட்டது, பரவாயில்லை. கடிதம் இதோ. மன்னிப்பு மட்டும் இதில் இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு தேடிக் களைத்துப்போகாதே.

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், ஏனென்றால் நீ மணிலா முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பது வேறு கதை. நம் கட்டடத்தில் இருப்பது ஒரே ஒரு லிஃப்ட். மாதம் ஒருமுறை மெக்கானிக் வந்து, அரை நாள் அதை நிறுத்தி, சர்வீஸ் செய்ய வேண்டும். முதல் மாதம் அவன் வந்தபோது உன் கோயில் பாடகர் குழுவுக்கு ஒத்திகை என்று திருப்பி அனுப்பினாய். அடுத்த மாதம் ஏழாம் மாடி பல்தசார் வீட்டுக்கு வாஷிங் மெஷின் வருகிறது என்றாய். அதற்கடுத்துப் புனித வாரம் வந்துவிட்டது. அதற்கும் அடுத்த மாதம் சொல்வதற்கு ஒரு காரணமும் அகப்படாமல், "பாவம், தம்பி முகம் வாடிக் கிடக்கு, சாப்பிட்டுட்டுப் போகட்டும்" என்று சோறும் அடோபோக் கறியும் போட்டாய். அவனும் ஏப்பம் விட்டுக்கொண்டே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். இதற்கிடையில் லிஃப்ட் நான்காம் மாடியைத் தாண்டும்போதெல்லாம் யாரோ தொண்டையைச் செருமுவதுபோல் ஒரு சத்தம். உன்னிடம் சொன்னேன். "அது எப்பவும் அப்படித்தாண்ணே, அதோட குணம் அது" என்றாய். தீவுக்குத் தீவு போகும் கப்பல்களில் டிக்கெட் பரிசோதகனாக ஆயுளைக் கழித்தவன் நான். கப்பலைச் சோதித்து முடிக்கும்வரை மாகாண ஆளுநரே துறைமுகத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். இயந்திரத்துக்குக் குணம் உண்டு என்று அங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். நீங்களெல்லாம் கோயிலுக்குப் போய்விட்டீர்கள். நானும் புதுச் சட்டை போட்டு, தலை வாரி, கீழே இறங்கினேன். வாசலில் மெக்கானிக் ரொடெல், கருவிப் பெட்டியோடு, எப்படியும் திருப்பி அனுப்பத்தான் போகிறார்கள் என்ற முகத்தோடு நின்றான்.

"இன்னைக்கு என்ன சார் விசேஷம்?" என்றான்.

"தங்கச்சி பேரனுக்கு ஞானஸ்நானம்."

"நல்லாயிருக்கட்டும் சார். அப்ப அடுத்த மாசம் வரேன்."

அவன் திரும்பியும் விட்டான். "நில்லுப்பா" என்றேன். அந்த ஒரு சொல்லுக்குத்தான் இத்தனை வழக்கும். எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். கதவு, பிரேக், வடம் எல்லாம் பார்க்க வேண்டும், மத்தியானம் தாண்டும் என்றான். பார் என்றேன், கையெழுத்தும் போட்டேன். எனக்கு ஞானத்தந்தை பட்டம் கொடுக்காத ஆத்திரத்தில் போட்டேன் என்கிறாய். உனக்குப் பழைய கார் விற்ற ஆள்கூட அந்தக் குழந்தைக்கு ஞானத்தந்தை. பல் பிடுங்கிய டாக்டரும் ஞானத்தந்தை. இதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை என்பதை இங்கே தெளிவாகப் பதிவு செய்கிறேன்.

கோயிலிலிருந்து கூட்டம் திரும்பி வந்தது. பாதிரியார் வந்தார், ஞானத்தாய்மார் உயரக் குதிகால் செருப்போடு வந்தார்கள், மூங்கிலில் கோத்த முழுப் பன்றி வறுவலைத் தோளில் சுமந்துகொண்டு இரண்டு பேர் வந்தார்கள். லிஃப்ட் வாசலில் பலகை தொங்கியது.

"என்னண்ணே இது?"

"சர்வீஸ்."

"ரெண்டாம் மாடிக்கு நடந்து போற ஆளுக்கு லிஃப்டப் பத்தி என்ன வந்துச்சு? உடனே ஓட்டச் சொல்லுங்க."

"மொட்டை மாடில மோட்டாருக்குள்ள கைய விட்டுக்கிட்டு ஒருத்தன் உக்காந்திருக்கான். ஓட்டுனா அந்தக் கை போயிடும். போகட்டுமா?"

பாதிரியார்தான், "கை இருக்கட்டும்மா, நாம நடந்துருவோம்" என்று அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதல் படியில் கால் வைத்தார். அவர் எடைக்கு அது பெரிய தியாகம். ஞானத்தாய்மார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். பன்றியைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. படி திரும்புகிற இடமெல்லாம் குறுகல், மூங்கில் சுவரில் முட்டியது, ஒவ்வொரு திருப்பத்திலும் அதை நெட்டுக்குத்தாக நிறுத்தித் தூக்கிப்போக வேண்டியிருந்தது, பின்னால் வந்த பல் டாக்டரின் வெள்ளைச் சட்டையெல்லாம் பன்றிக் கொழுப்பு. ஐந்தாம் மாடியில் இருவரும் அதைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். "இதுக்கு மேல பன்னி போறதுன்னா போகட்டும், நாங்க வரல" என்றார்கள்.

அப்போதுதான் அந்த மாடியின் தையல்காரி பெர்பெத்துவா கதவைத் திறந்தாள். சங்கக் கூட்டத்துக்கு வரமாட்டாள், யாரோடும் பேசமாட்டாள், திமிர் பிடித்தவள் என்று நீ சொல்வாயே, அவளேதான்.

"என் வாசல்ல பன்னியக் கொண்டாந்து நிறுத்துனது யாரு?"

"நான்தான்" என்றேன். ஒளிந்துகொள்ள இடமும் இல்லை.

"நிறுத்தி வேடிக்கை பாக்குறீங்களா? ஆறிப்போனா தோல் ரப்பராயிடும். இருங்க, மேசை தர்றேன்."

துணிகளை வாரிக் கட்டிலில் போட்டுவிட்டு வெட்டு மேசையை நடைவழிக்கு இழுத்தாள். அதன் பிறகு நடந்தது உனக்கே தெரியும். பாதிரியார் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். எதிர்வீடு, பக்கத்து வீடு என்று தட்டோடு ஆட்கள் வந்தார்கள். பல வருஷமாக லிஃப்டுக்குள் ஒருவர் பிடரியை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் அன்றுதான் பெயர் கேட்டுக்கொண்டார்கள். குழந்தை ஒரு தடவைகூட விழிக்கவில்லை. நீ மட்டும் ஆறாம் மாடிக்குப் போகும் படியில் உட்கார்ந்து, மேலே கட்டிவைத்த பலூன்களை ஒருத்தரும் பார்க்கவில்லையே என்று அழுதாய். லூர்டெஸ் தட்டில் மொறுமொறுத் தோலைப் போட்டு நீட்டியதும் அழுதுகொண்டே தின்றாய். அந்தப் பலூன்கள் விஷயத்தில் எனக்கு வருத்தம்தான். இதை மன்னிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ரொடெல் வேலையை முடித்து லிஃப்டிலேயே இறங்கி வந்தான். என்ன கண்டுபிடித்தாய் என்று எல்லார் முன்னிலும் நீ கேட்டாய்.

"பெரிசா ஒண்ணும் இல்லம்மா. சுத்தம் பண்ணி எண்ணெய் விட்டேன். நாலாம் மாடிக் கதவு இடுக்குல ஒரு காலி ஷாம்பு பாக்கெட் மாட்டியிருந்துச்சு, எடுத்துட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். "ஒரு ஷாம்பு பாக்கெட்டுக்காக என் பேரன் விசேஷத்தக் கெடுத்தீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாய். அன்று முதல் பேச்சு இல்லை. நான் படியில் எதிரே வந்தால் நீ லிஃப்டில் ஏறிக்கொள்கிறாய். வடம் தேய்ந்திருந்தது, பிரேக் பிடிக்கவில்லை என்று அவன் சொல்லியிருந்தால் எனக்கு மாலை போட்டிருப்பாய். ஒன்றும் இல்லை என்று சொன்னதால் நான் குற்றவாளி. ஒன்றும் இல்லை என்பது பார்த்தபிறகுதானே தெரிந்தது ரெமி? பார்ப்பதற்கு முந்தின நாள் அதே லிஃப்டில் லூர்டெஸ் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அது உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. அதனால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே சங்கம் என்னை நீக்கினால் நீக்கட்டும். பொறுப்பில் இருக்கும்வரை சர்வீஸ் நாள் சர்வீஸ் நாள்தான். கல்யாணமானாலும் சாவானாலும், கர்தினாலே வந்து வாசலில் நின்றாலும், ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போகாது. இதைக் கூட்டத்தில் சத்தமாகப் படிக்கச் சொல்லி வேண்டிக்கொள்கிறேன்.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு. குழந்தையின் நெற்றியில் என் சார்பில் ஒரு சிலுவை போட்டுவிடு. கடவுள் உன் வீட்டையும் நம் கூரைமேல் சுற்றும் மோட்டாரையும் காக்கட்டும்.

உன் அண்ணன்,
அன்செல்மோ

பி.கு.: இந்த மாத சர்வீஸ் வருகிற சனிக்கிழமை என்று பலகையில் பார்த்தேன். அன்று மத்தியானம் என்னோடு கடற்கரைப் பக்கம் வந்து சாப்பிடுவதாகப் பெர்பெத்துவா ஒத்துக்கொண்டிருக்கிறாள். மூன்று தடவை கேட்டபிறகுதான் ஒத்துக்கொண்டாள். இடுப்பில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவளால் படி ஏறி இறங்க முடியாதாம், லிஃப்ட் போகாத மொட்டை மாடியில் நடக்கிற கூட்டத்துக்கு வராததும் அதனால்தானாம். ரொடெலை மறுவாரம் வரச் சொல்லிவிடேன். என்ன காரணம் என்று நீயே ஏதாவது சொல்லிக்கொள், நான் சொன்னால் நன்றாக இருக்காது. மேலே உள்ளதைக் கூட்டத்தில் படிக்க வேண்டாம். மன்னிப்பு எத்தனை பக்கம் வேண்டும் என்று காவலாளியிடம் சொல்லி அனுப்பு.