கிரேக்கக் கடலோரத்தில் பதினொரு புள்ளிக்கு நாலு அறை

சிவமயம்

ஈப்போ,
ஞாயிற்றுக்கிழமை

தஞ்சோங் மாலிமில் இருக்கும் அன்புத் தம்பி காசிவிஸ்வநாதனுக்கு, உடன்பிறந்த ஆச்சி புனிதவதி தண்டாயுதபாணியை முன்னிறுத்தி எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் இருவரும் உடம்பளவில் சுகம். உன் சுகமும் பெண்டு பிள்ளைகள் சுகமும் அறிய ஆவல். வாட்சப்பில் எழுதினால் கை தவறிக் குடும்பக் குழுவில் விழுந்துவிடும் என்று தபாலில் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடவும்.

விஷயம் இதுதான். உன் அத்தான் கிரேக்க நாட்டில் கடலோரமாக ஒரு வில்லா வாங்கப் போகிறார். பாதிப் பணம் பங்காளிகள் போடுவார்களாம். மீதிப் பாதிக்கு, நம்மைப் பெற்ற அப்பச்சி எனக்குச் சீதனமாகக் கொடுத்த இந்த ஈப்போ வீட்டை விற்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமை வக்கீல் ஆபீசில் நான் கையெழுத்துப் போட வேண்டும். கடையை மகன் சுரேனிடம் கொடுத்துவிட்டு வீட்டோடு உட்கார்ந்த நாளிலிருந்து இந்த மனிதருக்குக் கைப்பேசியில் வீடு பார்ப்பதே வேலை. "லூமுட்ல இல்லாத கடலா? ஒண்ணரை மணி நேரத்துல போய்க் காலை நனைச்சிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிடலாமே" என்றேன். "அந்தக் கடலை எல்லாரும் பாத்தாச்சுலா" என்கிறார்.

ஏஜென்ட் ஒரு கிரேக்கப் பையன், தங்கமான பிள்ளை, வீடியோவில் வந்தான். சுரேன்தான் மொழிபெயர்த்தான். வாசல் எந்தத் திசை என்று கேட்டேன், அவன் கடலைக் காட்டினான். சாமி அறை எங்கே என்றேன், மறுபடியும் கடலைக் காட்டினான். ஈசான்ய மூலையைக் காட்டச் சொல்லி ரொம்ப நேரம் அலைய விட்டதில், அங்கே கக்கூஸ் இருப்பது தெரிந்தது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவனும் போட்டுக்கொண்டான், ஏதோ மரியாதை என்று நினைத்து.

அதோடு விட்டிருக்கலாம். உன் அத்தான் பங்காளிகளைக் கூட்டினார். கல்யாணமான ஜோடிக்கு ஒரு புள்ளி என்று நம்ம வழக்கப்படி எண்ணினால் பதினொரு புள்ளி. அறை நாலு. வாங்காத வீட்டுக்குப் பாகப்பிரிவினை ஆரம்பிச்சாச்சு! கோயிலில் முருகன் முன்னாடி சீட்டுப் போட்டார்கள். கடல் தெரியும் மாடி அறை எண்பத்தெட்டு வயசுப் பெரியப்பாவுக்கு விழுந்தது. அவருக்குக் கோயில் படி ஏறவே ரெண்டு பேர் கை கொடுக்கணும். "அறை என்னுது, லிஃப்ட் உங்களுது" என்று சொல்லிவிட்டார். சமையலறை காம்பார் ஊர்ப் பங்காளிக்கு. அவர் வரும் நாளில்தான் அடுப்பு எரியுமாம், மத்தவங்க வெளியில சாப்பிட்டுக்கணுமாம். நீச்சல் குளம் மூணு புள்ளிக்குப் பொது என்று முடிவாகி, ஆழமான பக்கம் யாருக்கு என்று இன்னும் பேச்சு நடக்குது. என் கொழுந்தனார் பெண்டாட்டி தனேஸ்வரிக்குப் பால்கனி. "நாங்க அனுசரிச்சுப் போறவங்கலா" என்று சொல்லிவிட்டு அங்கேயே அளவெடுத்துத் திரைச்சீலை தைக்கக் கொடுத்துட்டா.

இதற்கு மேலேதான் கூத்து. அவரவர் அறைக்கு அவரவர் பூட்டுப் போடுவதுதானே நம்ம முறை? பதினொரு பேரும் பதினொரு பூட்டை ஒரே பெட்டியில் போட்டுக் கூரியரில் அந்தப் பையனுக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் என்ன கண்டான், வாங்கப் போகிறவர்களின் மதச் சடங்கு என்று நினைத்து, சாவியில்லாமலே அத்தனையையும் பயபக்தியோடு மாட்டிப் பூட்டிவிட்டான். சமையலறைக் கதவில் மட்டும் மூணு. மறுநாள் ஒரு ஜெர்மன்காரர் முழுப் பணத்தோடு வீடு பார்க்க வந்திருக்கார். எந்த அறையும் திறக்கல, சாவியெல்லாம் ஈப்போவுல. அவர் கோபிச்சுக்கிட்டுப் போயிட்டார். வில்லாவோட சொந்தக்காரர் இப்ப, "உங்களால வந்த ஆளு போச்சு, நீங்களே வாங்குங்க, இல்ல நஷ்டஈடு கொடுங்க" என்கிறாராம். உன் அத்தான் ஆனந்தக் கண்ணீர் விடுறார். "பாத்தியா புனிதம், முருகன் நமக்குன்னே பூட்டி வச்சிருக்கான்!"

தம்பி, முப்பத்து நாலு வருஷமா நான் விளக்கேத்துற வீடு இது. கூரைத் தகடு மாத்தினது முதல் குழாய் வாஷர் வரைக்கும் நோட்டுல எழுதி வச்சிருக்கேன். இதைக் கொடுத்துட்டு, வருஷத்துல ரெண்டு வாரம் ஹால்ல பாய் விரிச்சுப் படுக்கப் போறோம். ஆமாம், சீட்டுல எங்களுக்கு விழுந்தது ஹால். நீ வியாழக்கிழமைக்குள்ள வந்து, சீதன வீட்டுல கை வைக்காதீங்கன்னு அத்தானிடம் பக்குவமா சொல்லு. மச்சான் சொன்னா அவர் கேட்பார். உன்னைத்தான் மலை போல நம்பியிருக்கேன்.

உனக்கும் பிள்ளைகளுக்கும் நீண்ட ஆயுளும் நிறைந்த செல்வமும் முருகன் அருளட்டும். பெரியவர்களுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உன் ஆச்சி
புனிதவதி நாச்சியப்பன்

பின்குறிப்பு: திங்கட்கிழமை மத்தியானம். தம்பி, வர வேண்டாம். காலையில தனேஸ்வரி போன் பண்ணினா. "ஆச்சி, பாவம், உங்களுக்குப் பயமா இருந்தா விட்டுடுங்க. உங்க பாதியையும் நாங்களே எடுத்துக்கிறோம். நீங்க எப்ப வேணும்னாலும் விருந்தாளியா வரலாம்லா" என்றாள். அந்த 'பாவம்' எனக்குப் பொறுக்கல. வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருப்பானேன் என்று உடனே வக்கீல் ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன். தபால்தலை ஒட்டிய உறையை வீணாக்க மனசில்லாமல் இதை அனுப்புகிறேன். ஈப்போ வீட்டை ஒண்ணாம் தேதி காலி பண்ணணும். கிரேக்க வீட்டுச் சாவி கைக்கு வர நாளாகுமாம். அதுவரைக்கும் நாங்க ரெண்டு பேரும் அங்க வாரோம். உன் மாமியாரைக் கீழே மாத்திட்டு, மாடி அறையைக் கழுவி வை.