ஊஞ்சல் சேரும் சிறுவர் பூங்காவும்

கண்டியில் சிறுவர் பூங்காவுக்குள் நுழையத் தடை வாங்கிய ஒரே விஞ்ஞானி எங்கள் ஊஞ்சல் சேராகத்தான் இருக்கவேண்டும்.

நானும் அவரும் ஒரே போர்டிங். நான் தெல்தோட்டைக்காரன், பல்லேகலயில் கணக்கு வேலை. அவர் யாழ்ப்பாணம், மீக்கடத்திப் பெருக்கிகளை வடிவமைப்பவர். அப்படியென்றால் என்ன என்று ஒருநாள் காலை வாய் தவறிக் கேட்டுவிட்டேன். இடியப்பம் காய்ந்தது. என் பஸ்ஸும் போனது.

"இருக்கோ இல்லையோ எண்டு தெரியாத சின்னச் சமிக்ஞையைப் பெருப்பிக்க வேணும். பெருப்பிக்கிற சாமான் தன்ர இரைச்சலைச் சேர்க்கக் கூடாது. அதுக்குத்தான் கடுங்குளிர்."

"நுவரெலியா குளிரா சேர்?"

"நுவரெலியா அதுக்கு முன்னால அடுப்படி!"

என் முகத்தைப் பார்த்து நம்பிக்கை இழந்தவர், பூங்காவுக்கு இழுத்துப்போனார். அத்தனை பெரிய உடம்போடு ஊஞ்சலில் ஏறி நின்றார்.

"நீர் விரலால ஒரு தட்டுத் தட்டும், அதுதான் சமிக்ஞை. மிச்சத்தை நான் பாக்கிறன்."

தட்டினேன். அவர் குந்தினார், எழும்பினார், குந்தினார். யாரும் தள்ளாமலே ஊஞ்சல் உயர்ந்துகொண்டு போனது. பிள்ளைகள் கைதட்டினார்கள். காவலாளி ஓடிவந்தார்.

"மஹத்தயா, இது சின்னப் புள்ளைங்களுக்கு!"

சேருக்கு அது விளையாட்டில்லை. அவருடைய வரைபடத்தை நம்பி வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்று மின்சில்லு செய்து பார்த்து, ஒரே இரைச்சல் என்று எழுதியிருந்தது. அடுத்ததும் சரிவராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பார்களாம். மனிதர் சாப்பாட்டை மறந்து தினமும் ஊஞ்சலுக்குப் போனார். ஒருநாள் வெறிகொண்டு ஆடியதில் சங்கிலி அறுந்தது.

ஓடிப்போய்த் தூக்கினேன். "ஏதாச்சும் கண்டுபிடிச்சீங்களா சேர்?"

"ஓம். முதுகை."

தடை வந்தது அன்றுதான். சேர் கேட்பாரா? காவலாளி தேநீர் குடிக்கப் போன நேரம் பார்த்து மற்ற ஊஞ்சலில் ஏறினார். முதுகு வலியில் மெதுவாகத்தான் குந்த முடிந்தது. ஊஞ்சல் உதறாமல், கொஞ்சம் கொஞ்சமாக, அழகாக உயர்ந்தது. சேர் சட்டென்று குதித்தார்.

"ஐசே, வரைபடத்தில நான் ஒரே இடத்தில மாடு மாதிரித் தள்ளியிருக்கிறன்! கன இடத்தில, ஒவ்வொண்டிலும் மெல்ல மெல்லத் தள்ளோணும்!"

செருப்பை விட்டுவிட்டு ஓடினார். புது வரைபடம் போனது. பின்னாலேயே ஆய்வுகூடம் அவரையும் கூப்பிட்டுக்கொண்டது.

அவர் இல்லாத போர்டிங்கில் சாப்பாடு வேளைக்கு நடக்கிறது, எனக்குத்தான் இறங்குவதில்லை. போன வாரம் அவரிடமிருந்து செய்தி வந்தது: "சில்லு வேலை செய்யுது. ஊஞ்சலைக் கேட்டதாச் சொல்லும்."

போனேன். காவலாளி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஊஞ்சலிடம் சத்தமாகவே சொன்னேன்.