வாய்க்கொழுப்புக்கு வைத்தியம்

அன்பு மைத்துனனுக்கு உன் அத்தான் எழுதிக்கொள்வது. நீயும் உன் மனைவி மக்களும் சகல சௌக்கியங்களோடும் இருக்க வேண்டும் என்று முதலிலேயே வாழ்த்திவிடுகிறேன். போகப் போக வாழ்த்துகிற மனநிலை எனக்கு இருக்காது.

நாக்குக்கு அடியில் ஒரு புண் வந்து ஆறாமல் கிடக்கிறது என்று போனில் உன்னிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். உடைந்த பல் உரசுகிறது, அவ்வளவுதான். உன் அக்காவிடம் மூச்சு விடாதே என்றும் சொன்னேன். அதற்கு நீ, "எங்க தொண்டு நிறுவனமும் மிலிட்டரியும் சேர்ந்து உங்க ஊர்ல இலவச மருத்துவ முகாம் போடுறோம் அத்தான், போய் வாயைக் காட்டுங்க" என்று உபதேசம் செய்தாய். அந்த முகாமின் லட்சணத்தை அதில் சம்பளம் வாங்குகிற உனக்கே எழுதுவதுதான் முறை.

முகாம் நடந்தது பள்ளிக்கூடத்தில். டாக்டர்கள் வருவதற்கு முன்னால் பேனர் வந்துவிட்டது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. பேனரில் மிலிட்டரியின் சின்னம் மேலேயா, உங்கள் சின்னம் மேலேயா என்று தகராறு. கட்டுவதும் அவிழ்ப்பதுமாக வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மாத்திரைப் பெட்டிகளின் சாவி உங்கள் ஆளிடம், பெட்டிகள் இருந்த அறையின் சாவி பட்டாளத்தாரிடம். இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. அப்புறம் வரிசை. ஆயுள் முழுக்க பஸ் கண்டக்டராக இருந்தவன் நான், எனக்குத் தெரியாத வரிசையா? ஒரு ஹவில்தார் வந்து எங்களை உயரப்படி நிற்கவைத்தான்! நோய்ப்படி இல்லை, வந்தபடி இல்லை, உயரப்படி. என் உயரம் உனக்குத் தெரியும். எனக்குப் பின்னால் நின்றது ஒரு கைக்குழந்தை, அதுவும் அம்மா இடுப்பில் இருந்ததால் கொஞ்ச நேரத்தில் எனக்கு முன்னால் போய்விட்டது. முட்டிவலிக்காரர்கள் அப்பாடா என்று உட்காரும்போதெல்லாம் யாராவது ஓர் அதிகாரி உள்ளே வருவார், எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். முட்டிவலி இல்லாமல் வந்தவர்களும் முட்டிவலியோடு போனார்கள்.

நானும் முட்டிவலி என்றுதான் உன் அக்காவிடம் சொல்லி அழைத்துப் போயிருந்தேன். அவள் வெளியே நிற்கும்போது டாக்டரிடம் வாயைக் காட்டிவிட்டு நழுவிவிடலாம் என்று திட்டம். ஆனால் உள்ளே இருந்த லேடி டாக்டருக்கு நம் பாஷை தெரியாது. பக்கத்தில் மொழிபெயர்ப்புக்கு ஒரு சிப்பாய். பாவி, தமிழைப் புத்தகத்தில் படித்தவன். "ஐயா, தங்கள் நோவு யாது?" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நோவு இருக்கட்டும் தம்பி, நீ எந்த மன்னர் படை?" என்றேன். அதற்குள் உன் அக்கா உள்ளே நுழைந்துவிட்டாள்.

"இவருக்கு முட்டியில ஒண்ணும் இல்லீங்க. வாய்க்கொழுப்பு. கல்யாணம் ஆன நாள்லேருந்து பாக்கறேன், குறையவே மாட்டேங்குது."

அந்தச் சிப்பாய் சிரிக்க வேண்டாமா? முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "வாயில் கொழுப்பு. நாட்பட்டது. கவலற்க அம்மையீர், ஆராய்வோம்" என்று எழுதிக்கொண்டு, டாக்டரிடம் அப்படியே ஒப்பித்தான். அந்தம்மாவும் டார்ச்சை எடுத்துவிட்டார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இங்கே தானம் கொடுக்க வந்தவர்கள் என் பல்லைப் பிடித்துப் பார்த்தார்கள்! பல்லோடு விட்டார்களா? துணியைச் சுற்றி நாக்கை வெளியே இழுத்து, அடியில் டார்ச் அடித்து, அந்தப் புண்ணைப் பார்த்ததும் டாக்டர் டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுவந்தார். "இப்புண் என்று தோன்றிற்று?" என்றான் சிப்பாய். நாக்கு அவர்கள் கையில் இருக்கும்போது நான் எதைக்கொண்டு பதில் சொல்வது? மரத்துப்போக ஊசி போட்டு, துளி சதையை வெட்டி ஒரு குப்பியில் போட்டுக்கொண்டார்கள். உடைந்த பல்லுக்கு இத்தனை ஆர்ப்பாட்டம்! கேட்டால் பரிசோதனையாம். உன் அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். "புண்ணு இருக்குன்னு ஏன் சொல்லல?" என்று கேட்டிருந்தால்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவள் கேட்கவே இல்லை. அன்றிலிருந்து எனக்குக் கஞ்சியை ஆற்றி ஆற்றிக் கொடுக்கிறாள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆகையால் உன் நிறுவனத்துக்கு நீ சொல்ல வேண்டியது: வைத்தியம் பார்க்கத் தெரியாவிட்டால் பேனர் எழுதப் போகட்டும். பட்டாளத்தார் எல்லையைப் பார்த்துக்கொள்ளட்டும், என் நாக்கை நான் பார்த்துக்கொள்கிறேன். குழந்தைகளுக்கு என் ஆசி. உனக்கும் உண்டு, கோபம் தணிந்த பிறகு தனியாக அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் வாசலில் மிலிட்டரி ஜீப் வந்து நின்றது. அந்தப் புத்தகத் தமிழன்தான், கூடவே உங்கள் ஆபீஸ் பெண் ஒருத்தி. சிப்பாய் தொப்பியைக் கழற்றினான். "ஐயா, அது..." என்றான், அவனுக்கு அந்தத் தமிழும் வரவில்லை. அந்தப் பெண்தான் சொன்னாள். புற்றுநோயாம். ஆரம்பமாம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் நாக்கையே எடுக்க வேண்டியிருக்குமாம், இப்போது ஓரத்தில் கொஞ்சம் வெட்டினால் போதுமாம். மிலிட்டரி ஆஸ்பத்திரியில் படுக்கை தயார், மருந்துச் செலவு உங்கள் நிறுவனத்துடையது. கூட்டிப்போகத்தான் ஜீப். மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடப் போனேன். எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. உன் அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். "கிழிக்காதீங்க, தம்பிக்கே அனுப்புங்க. தையல் பிரிக்கற வரைக்கும் நீங்க பேசக் கூடாதாமே. உங்க சத்தம் கேக்காம நான் எப்படி இருப்பேன்? அவன் போன்ல படிச்சுக் காட்டட்டும்" என்றாள். எனவே தினமும் சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு இதைப் படித்துக் காட்டு. திட்டுகிற இடங்களை மட்டும் கொஞ்சம் சத்தமாகப் படி.